நாலு வெற்றிடம்

'வெலிமடை' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? வெ, லி, ம, டை. நாலு. கணினியைக் கேட்டால் ஏழு என்கிறது.

வெலிமடை நகரில், மரக்கறி லொறிகள் நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு மாடியறையில், சனிக்கிழமைகளில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பைதன் சொல்லிக்கொடுத்து வந்தேன். ஒரு மாணவி ஊர்ப் பெயரைக் கொடுத்து அதன் நீளத்தைக் கேட்கும் வரியை எழுதி ஓட்டினாள். திரையில் 7 வந்தது. "சேர், நான் பிழையா எழுதிட்டேனா?" என்றாள். அவள் எழுதியதில் பிழையே இல்லை. யூனிகோடில் 'வ' ஒரு குறி, அதன் எகரக் கொம்பு இன்னொரு குறி. 'ல' ஒன்று, அதன் இகரம் ஒன்று. 'ம' தனி. 'ட' ஒன்று, அதன் ஐகாரக் கொம்பு ஒன்று. கூட்டினால் ஏழு. அதே சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னோம். ஐகாரக் கொம்பு பற்ற ஆளில்லாமல் முன்னால் நின்றது, அதன் பின்னால் 'டமிலெவ' என்று வந்தது. 'லி'யில் இருந்த இகரம் 'ம'வில் போய் ஒட்டிக்கொண்டு 'மி' ஆகியிருந்தது.

ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த பாடங்களில் இந்த இடமே வராது. அங்கே ஐந்தெழுத்துச் சொல்லுக்கு நீளம் ஐந்து, திருப்பினாலும் அழகாகத் திரும்பும். தன் ஊரின் பெயரைத் தட்டும் பிள்ளைக்குத்தான் முதல் நாளே இடறுகிறது. இடறியதும் அவள் தன்னைத்தான் சந்தேகிக்கிறாள். எனக்குத் தாங்காமல் போனது அதுதான். அன்றிரவு அவளுக்காக எழுதத் தொடங்கிய நாலு பக்கம் பிறகு புத்தகமாயிற்று.

தமிழில் நிரல் நூல் எழுதிய முதல் ஆள் நானல்ல. கணியம் அறக்கட்டளைக்காரர்கள் 'எளிய தமிழில்' என்ற வரிசையில் பல நூல்களை எழுதி இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். முத்தையா அண்ணாமலை 'எழில்' என்று தமிழ்ச் சொற்களாலேயே ஒரு நிரல்மொழி செய்தார். 'ஓப்பன்-தமிழ்' என்ற நிரல்தொகுப்பில், வெலிமடையை நாலு எழுத்தாகவே பிரித்துத் தரும் வசதி இருக்கிறது. அவர்கள் போட்ட பாதையில்தான் நான் நடந்தேன். என்னிடம் கூடுதலாக இருந்தது, கேள்வி கேட்கும் ஒரு வகுப்பும், ஊர் ஊராகப் போக வைத்த ஒரு தொழிலும். மென்பொருள் சோதிப்பது என் வேலை. புத்தகம் எழுதிய பதினான்கு மாதங்களில் அது என்னைக் கொழும்பு, சென்னை, சிங்கப்பூர், ரொறன்ரோ என்று கொண்டுபோனது. புத்தகமும் மடிக்கணினியில் என்னோடு வந்தது.

வெலிமடைக்கு ரயில் இல்லை. கொழும்புக்குப் போவதென்றால் பஸ்ஸில் பண்டாரவளைக்குப் போய், பதுளையிலிருந்து வரும் வண்டியைப் பிடிக்க வேண்டும். அப்புத்தளை, இதல்கஸ்ஹின்ன, ஒஹிய என்று ஏறி, 1,891 மீற்றர் உயரத்தில் பட்டிப்பொலையைத் தொடும். இடையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்கள். தொலைபேசிக்குச் சிக்னல் வரும், போகும். தொழில் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்: இணையம் இல்லாத இடத்தில்தான் நமக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்பது தெரியவரும். தேடிப் பார்க்க வழியில்லாதபோது எந்தப் பகுதியை எழுத முடியாமல் நிற்கிறேனோ, அந்தப் பகுதி எனக்கே விளங்கவில்லை என்று குறித்துக்கொள்வேன். மூன்றாம் அத்தியாயத்தில் பாதியை அப்படி நானே வெட்டினேன்.

அந்த அத்தியாயம் மடக்கைப் பற்றியது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. உதாரணத்துக்கு நான் வெளியே தேடவில்லை, தேயிலைக் கொழுந்து நிறுவையை எடுத்துக்கொண்டேன். தோட்டத்துப் பிள்ளைகள் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. நாளில் மூன்று தடவை நிறுப்பார்கள்: காலை, பகல், அந்தி. எல்லாம் சேர்ந்து 18 கிலோ வந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கொஞ்சம் கழிப்பார்கள். நாட்சம்பளம் 1,000 ரூபா என்று 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்தபிறகு பல தோட்டங்களில் இந்தக் கிலோக் கணக்கு இன்னும் இறுகியது. ஆகவே நிபந்தனை, கூட்டல், கழித்தல், மடக்கு எல்லாம் அந்த ஒரு தராசிலேயே இருக்கின்றன.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது கையெழுத்துப் பிரதியை லயத்து வாசலில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவர். நிரலை எழுத்துக்கூட்டிப் படிக்க அவருக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. நான்தான் வாய்விட்டுக் கணக்கை ஓட்டிப் பார்த்தேன். எங்கள் தொழிலில் அது ஒரு பழக்கம். கணினியில் போடுமுன் எண்களைக் கையில் வைத்து வரிவரியாக நடந்து பார்ப்பது. "காலைக்கு 7, பகலைக்கு 8, அந்திக்கு 6. மொத்தம் 21. கழிவு 2. மிச்சம் 19. முழுப்பேர்" என்றேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "யாருக்குப்பா முழுப்பேரு? மூணு தடவ நிறுக்கிறாங்க, மூணு தடவயும்தான கழிக்கிறாங்க. நீ அந்திக்கு மட்டும் கழிச்சிருக்க. அது அரப்பேரு."

நான் கணக்கைத் திரும்பப் பார்த்தேன். 7இல் 2 போனால் 5. 8இல் 2 போனால் 6. 6இல் 2 போனால் 4. கூட்டினால் 15. பதினெட்டுக்கு மூன்று குறைவு. அரைப்பேர்தான்.

பைதன் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அந்த மொழியில் ஒரு வரி மடக்குக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை அடைப்புக்குறி காட்டாது, தள்ளி எழுதுவதுதான் காட்டும். வழக்கமாக நாலு வெற்றிடம். கழிவு வரியை இடப்பக்க ஓரத்தில் எழுதினால் கழிவு ஒரு தடவை, முழுப்பேர். அதே வரியை நாலு வெற்றிடம் உள்ளே தள்ளினால் மூன்று தடவை, அரைப்பேர். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. கணினி இரண்டையும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓட்டும். நான் பதினைந்து வருடம் மென்பொருளில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிறவன். அந்தப் பிழையை நான் பார்க்கவில்லை. எத்தனை தடவை கழிக்கிறார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. காரணம் அவ்வளவுதான். அந்த வரியை அன்றைக்கே உள்ளே தள்ளினேன். பிழையான நிரலை அழிக்கவும் இல்லை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அடுத்த மாதம் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் போனேன். வேலை முடிந்ததும் கோத்தகிரிக்கு ஏறினேன். அங்கே எங்கள் சொந்தம் இருக்கிறது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டு இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று ஆனதில் எங்கள் குடும்பமும் இரண்டானது. தாத்தாவின் தம்பி குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியது. இங்கே ஊவா மாகாணத்தில் பறித்த அதே கொழுந்தை நீலகிரியில் பறித்தார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அவை. டான்டீ என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அந்த வீட்டுப் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கிறாள். அவளுக்கும் பைதன்தான் பாடம். பிரதியை வாங்கிப் புரட்டிவிட்டு, "சித்தப்பா, செய்நிரல்னு போட்டிருக்கீங்க. எங்க புக்குல நிரல்னுதான் இருக்கும். பாய்ச்சற் கோட்டுப்படம்னா என்ன, பாய்வுப்படமா?" என்று கேட்டாள். ஆமாம், அதுவேதான். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கல்வித் திணைக்களங்கள் தனித்தனியாகச் சொல் செய்ததில் ஒரே பொருளுக்கு இரண்டு இரண்டு பெயர்கள். எனக்குக் கவலை வந்தது. இரண்டு நாட்டுப் பிள்ளைக்கும் ஒரே புத்தகம் என்று நினைத்திருந்தேனே! அவள் மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்தாள். நிறுவைக் கணக்கை ஒரு கேள்வியும் கேட்காமல் படித்து முடித்தாள். கொழுந்து, அந்தி, கழிவு எதற்கும் விளக்கம் கேட்கவில்லை. கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று: "ஒவ்வொரு நிறுவைக்கும் ரெண்டு கிலோவா கழிக்கிறாங்க? ரொம்ப அதிகம் சித்தப்பா."

அறுபது வருடம், இரண்டு பாடத்திட்டம், இரண்டு கடவுச்சீட்டு. தராசடிச் சொற்கள் மட்டும் அப்படியே இருந்தன. கலைச்சொல்லைப் பற்றி நான் பட்ட கவலை அன்றைக்குத் தீர்ந்தது. 'செய்நிரல்' வரும் முதல் இடத்தில் 'நிரல்' என்றும் சேர்த்தேன். அப்படி இருபது முப்பது சொல்லுக்கு இரட்டைப் பெயர் கொடுத்துவிட்டு மேலே போனேன். கலைச்சொல்லை ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். உதாரணம் புரியாவிட்டால் எந்தச் சொல்லும் உதவாது. இந்தத் தொழிலில் நான் உறுதியாக நம்புவது இதைத்தான்.

சிங்கப்பூரில் வேறொரு பாடம். அங்கே ஒரு நண்பர் பழைய எழுத்துருவில் இருந்த பெயர்ப்பட்டியல் ஒன்றை யூனிகோடுக்கு மாற்றித் தந்தார். அதில் 'பொன்னம்மா' இருக்கிறது, கண்ணால் பார்க்கிறோம். நிரலைத் தேடச் சொன்னால் இல்லை என்கிறது. ஒரு மாலை முழுவதும் அதோடு உட்கார்ந்திருந்தோம். 'பொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். 'ப'வோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது 'ப'வோடு ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு பெண்கள். தேடுமுன் எல்லாப் பெயரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பைதனில் அதற்கு ஒரு வரி போதும். அது தெரியாத நிரல் சம்பளப் பட்டியலில் ஓடினால் ஒரு பொன்னம்மாவுக்கு அந்த மாதம் சம்பளம் இல்லை. 1997இல் நா. கோவிந்தசாமி தமிழ்நெற் மாநாட்டைக் கூட்டியது இதே சிங்கப்பூரில்தான். அன்று உலகெங்குமிருந்து வந்த தமிழர்கள் பேசியதும், ஒருவர் தட்டிய தமிழை மற்றவர் கணினி எப்படிப் படிக்கும் என்பதைத்தான். அந்தக் கதைக்கு அரைப்பக்கம் ஒதுக்கினேன். ஒழுங்காகச் சொல்ல ஒரு புத்தகமே வேண்டும்.

ரொறன்ரோவில் நிறுவைக் கணக்கு முதல்தடவையாக விழுந்தது. ஸ்காபரோவில் நண்பர் வீட்டு நிலவறையில் ஐந்தாறு பிள்ளைகள். கொழுந்து என்றால் வெற்றிலையா என்று ஒரு பையன் கேட்டான். விளக்கினேன், முகங்கள் மாறவில்லை. நண்பரின் மகள் பின்னேரங்களில் ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்பவள். அவள்தான் மெல்லச் சொன்னாள்: "அங்கிள், எங்கட கடையில ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் சாப்பாட்டு நேரமெண்டு அரை மணித்தியாலம் வெட்டுவினம். கிழமைக்கு ஒருக்காத்தான் எண்டு நினைச்சு நான் முதல் சம்பளத்தில ஏமாந்திட்டன்." ஒன்ராறியோச் சட்டப்படி ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, அரைமணி இடைவேளை விட வேண்டும், அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. கழிவு மடக்குக்கு உள்ளேயா வெளியேயா? அதே கேள்வி. வெள்ளைப் பலகையில் அவளே எழுதினாள். நாலு வெற்றிடம் உள்ளே தள்ளினாள். அவளுடைய கணக்கு புத்தகத்தில் இரண்டாவது உதாரணமாக வந்தது.

இப்படி நான் நாடு நாடாகப் போனாலும், எங்கள் பாட்டிக்குச் சாகும்வரை எந்த நாட்டுக் குடியுரிமையும் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்ததை 2003ஆம் ஆண்டுச் சட்டம் திருப்பிக் கொடுத்தபோது அவர் இல்லை. விமான நிலையங்களில் கடவுச்சீட்டை நீட்டும் ஒவ்வொரு தடவையும் அவரை நினைப்பேன். பாட்டி பார்த்த மிகத் தூரமான ஊர் பதுளை.

புத்தகம் அச்சாகி வந்ததும் முதல் பிரதிகளை வெலிமடை மாடியறைக்குத்தான் கொண்டுபோனேன். 1978இல் கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி மொழி நூலுக்குப் பிறகு, உலகுக்கு வணக்கம் சொல்லித் தொடங்குவது நிரல் நூல்களுக்கு வழக்கமாகிவிட்டது. என் நூலில் முதல் நிரல் வெலிமடையின் எழுத்தை எண்ணுகிறது. ஏழு என்று தவறாகவே வரும், நாலாம் பக்கத்தில் சரியாகும்.

மூன்றாம் அத்தியாயத்தின் கடைசியில் ஒரு பயிற்சி இருக்கிறது. கணினி தேவையில்லாத ஒரே பயிற்சி அதுதான். "உங்கள் தோட்டத்தில் நாளுக்கு எத்தனை தடவை நிறுக்கிறார்கள்? ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கழிக்கிறார்கள்? வீட்டில் கேட்டு எழுதுக. பிறகு கழிவு வரியை எங்கே வைப்பது என்று முடிவு செய்க." கீழே மூன்று கோடு வெறுமையாக விட்டிருக்கிறேன். பாடம் நடத்தும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: நேரம் போதாது என்று இந்தப் பயிற்சியைத் தாண்டிப் போகாதீர்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து விடை கொண்டு வரட்டும்.