கரிசல் புழுதியும் பழைய இன்ஜின்களும்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தின் வறண்ட வானிலை தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வேரூன்ற உதவியது என்பது பலரும் அறிந்ததே. ஆனால் அதே வறட்சியில் கிளம்பும் கரிசல் புழுதி பழைய கார்களின் இன்ஜினை எவ்வாறு தேய்க்கிறது என்பது அங்குள்ள மெக்கானிக் பட்டறைகளில்தான் தெளிவாகப் புலப்படுகிறது. 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர், மாருதி 800 போன்ற வண்டிகள் பட்டறைக்கு வரும்போது, மெக்கானிக்கின் கை முதலில் தேடுவது டிப்ஸ்டிக்கையே.

டிப்ஸ்டிக் என்பது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பர் வரை இறங்கும் மெல்லிய உலோகப் பட்டை. அதன் நுனியில் குறைந்த அளவுக்கும் நிறைந்த அளவுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஆயில் வடிந்து இறங்கச் சில நிமிடங்கள் விட்டு, பட்டையை உருவிப் பனியன் வேஸ்டால் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்த பின்னரே அளவு பார்க்கப்படுகிறது. ஆயில் மிகவும் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சுவதால் பேரிங்குகள் காய்ந்து தேய்கின்றன. மேற்குறியைத் தாண்டி மிகுந்தால், சுழலும் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். டாஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கு இவ்வண்டிகளில் ஆயிலின் அளவைக் காட்டுவதன்று, அழுத்தத்தைக் காட்டுவது. ஆகவே அது எரியும் நேரத்தில் சேதம் தொடங்கியிருக்கக்கூடும்.

ஏர் ஃபில்டர் கிழிந்தோ சரியாகப் பொருந்தாமலோ இருந்தால் உள்ளே போகும் நுண்மணல், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளையும் சிலிண்டர் சுவரையும் கீறுகிறது. கீறலால் உண்டாகும் இடைவெளி வழியே மேலேறும் ஆயில் எரிந்து நீலப்புகையாக வெளியேறுவதையே பட்டறையில் 'வண்டி ஆயில் குடிக்கிறது' என்கின்றனர். இரவெல்லாம் நின்ற வண்டியைக் கிளப்பும்போது மட்டும் அப்புகை வந்தால் வால்வு சீல்களையும், ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்குகளையும் முதலில் ஐயுறுவது வழக்கம். டீசல் இன்ஜினில் ஆயில் விரைவில் கறுப்பது இயல்பே. அது பால் கலந்த காபியின் நிறத்துக்கு மாறினால் ரேடியேட்டர் நீர் கலந்துள்ளது என்றும், சிலிண்டர் பகுதிக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் இடையிலான ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும் என்றும் பொருள்.

இந்நுட்பங்களைத் தொழிலாளர்கள் பெரும்பாலும் எடுபிடி வேலையில் தொடங்கி, மூத்தவர்களின் அருகில் நின்று கற்றுக்கொள்கின்றனர். ஆயிலை இரு விரல்களுக்கிடையே தேய்த்து நறநறப்பை அறிவது அவர்களுக்குக் கைவந்த தேர்வுமுறை. எனினும் பழைய ஆயில் நாள்தோறும் தோலில் படுவது தீங்கானது என்பதால் கையுறை தேவைப்படுகிறது. 2016ஆம் ஆண்டின் கழிவு விதிகள் பயன்படுத்திய ஆயிலை அபாயகரமான கழிவாக வகைப்படுத்துவதால், அதை மண்ணில் ஊற்றுவதும் தவிர்க்க வேண்டியதாகிறது.

பட்டாசு ஆலைகள் சூழ்ந்த பகுதியில் ஆயில் கசிவைச் செலவுக் கணக்காக மட்டும் கருத இயலாது. மேல்மூடியின் பேக்கிங் வழியே கசியும் ஆயில் சூடான புகைக்குழாயில் சொட்டினால் புகைந்து, சில வேளைகளில் தீப்பற்றவும் கூடும் என்பதால், கசிவுள்ள வண்டியை வெடிபொருள் உள்ள இடத்தருகே கொண்டுசெல்வது பாதுகாப்புக்குப் புறம்பானதாகும்.

தனியார் கார்களின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படுவதால், இன்ஜினைப் பிரித்து ரீபோர் செய்வதா, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி அதற்கேற்ற பிஸ்டனைப் பொருத்துவதா, அல்லது ஆயில் ஊற்றியே ஓட்டுவதா என்ற கேள்வி உரிமையாளர் முன் நிற்கிறது. ஒரு நாளின் டிப்ஸ்டிக் அளவால் இதற்கு விடை கிடைக்காது; ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்றப்பட்டது என்ற குறிப்பு தொடர்ந்து எழுதப்பட்டிருந்தால், அளவு மாறாத வண்டியை அஞ்சாமல் ஓட்டலாம், அளவு ஏறிக்கொண்டே போகும் வண்டிக்கு உரிய நேரத்தில் செலவு செய்யலாம்.