பழைய குவாட்ரோவா, புதிய ஜீஃபோர்ஸா?

புனே ஏரவாடாவில், விமான நிலையச் சாலையை ஒட்டிய காமர்ஸோன் வளாகத்தில் என்விடியா நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. அதே நகரைச் சுற்றி, பிம்ப்ரி, ஆகுர்டி, சாக்கன் என்று வாகன ஆலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் வடிவமைத்துத் தரும் சிறு நிறுவனங்களும் பரவிக் கிடக்கின்றன. அப்படிப்பட்ட சிறு நிறுவனங்களுக்குக் கணினி அமைத்துக் கொடுக்கும் எங்கள் தொழிலில் ஓயாமல் எழும் கேள்வி இது: குத்தகை முடிந்து சந்தைக்கு வந்த ஒர்க்ஸ்டேஷனில் இருக்கும் என்விடியாவின் பழைய குவாட்ரோ கிராஃபிக்ஸ் கார்டையே வைத்துக்கொள்ளலாமா, விளையாட்டுக்காக அதே நிறுவனம் தரும் ஜீஃபோர்ஸ் வரிசையில் புதியது வாங்கிப் போடலாமா? பெட்டியில் அச்சிட்ட எண்களைப் பார்த்தே பெரும்பாலும் பதில் சொல்லிவிடுகிறோம். அது போதாது. ஒர்க்ஸ்டேஷன் கார்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் பெரும்பங்கு டிரைவருக்கான விலை. ஆகவே அந்தக் கார்டுக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் என்பதை அதன் டிரைவரின் ஆயுளைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

சான்றுக்கு 2013-ஆம் ஆண்டைப் பார்ப்போம். அந்த ஆண்டு வந்த குவாட்ரோ கே6000, ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 780 டிஐ இரண்டிலும் இருந்தது கெப்ளர் தலைமுறையின் ஒரே சிப். இரண்டிலும் 2,880 கோர்கள். 780 டிஐயின் அறிமுக விலை 699 டாலர். கே6000-க்கு 5,000 டாலருக்கு மேல். இந்த வித்தியாசத்தில் கொஞ்சம் நினைவகத்துக்குப் போனது: அதில் 3 ஜிபி, இதில் பிழை திருத்தும் வசதியோடு 12 ஜிபி. இரட்டைத் துல்லியக் கணக்கின் வேகமும் ஜீஃபோர்ஸில் குறைத்து வைக்கப்பட்டிருந்தது. மீதிப் பணம் எதற்கு என்பதை 2017-இல் என்விடியாவே காட்டிவிட்டது. டைட்டன் எக்ஸ்பி என்ற கார்டுக்கு ஒரு புதிய டிரைவர் வந்தது. மாயா போன்ற மென்பொருள்களில் வேகம் மூன்று மடங்கு வரை கூடும் என்று அறிவித்தார்கள். கார்டில் ஒரு திருகுகூட மாறவில்லை. அதற்குள் முன்பே இருந்த திறனை டிரைவர் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

இனி அந்தக் கே6000-ஐ 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-க்குப் பக்கத்தில் வைப்போம். இரண்டிலும் 12 ஜிபி நினைவகம் என்பதால் ஒப்பீடு நியாயமானது. ஒற்றைத் துல்லியத்தில் பழையது விநாடிக்குச் சுமார் 5.2 லட்சம் கோடி கணக்குகள் போடும், புதியது 12.7 லட்சம் கோடி. பழையது 225 வாட் கேட்கும், புதியது 170 வாட்டில் முடித்துவிடும். 3060-இன் அறிவிப்பு விலை 329 டாலர். ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து படத்தை உருவாக்கும் தனிக் கோர்கள் புதியதில் உண்டு, பழையதில் இல்லை. ரெண்டரிங் மட்டுமே வேலை என்றால் இதற்குமேல் பேச ஒன்றும் இல்லை.

ஆனால் வடிவமைப்பாளரின் நாள் ரெண்டரிங்கில் கழிவதில்லை. ஆயிரக்கணக்கான பாகங்கள் கொண்ட அசெம்பிளியைத் திரையில் திருப்புவது, விளிம்புக் கோடுகளை மட்டும் காட்டி உள்ளே பார்ப்பது, வெட்டுமுகம் எடுப்பது, இவைதான் அவர் கை ஓயாமல் செய்யும் வேலைகள். விளையாட்டுகள் முக்கோணங்களை நிரப்பி வரைகின்றன. கேட் எனப்படும் வடிவமைப்பு மென்பொருள்கள் கோடுகளை, அதுவும் ஓபன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகத்தின் வழியாக, லட்சக்கணக்கில் வரைகின்றன. அந்தப் பாதையைக் குவாட்ரோ டிரைவர் செம்மைப்படுத்தி வைத்திருக்கும். ஸ்பெக்வியூபெர்ஃப் சோதனையில் சீமென்ஸ் என்எக்ஸ் பகுதி வரும்போது, பெரிய ஜீஃபோர்ஸ் கார்டுகளும் எளிய குவாட்ரோக்களுக்குப் பின்னால் நிற்பது இதனால்தான். சாலிட்ஒர்க்ஸில் ரியல்வியூ என்ற காட்சிமுறையும் சான்று பெற்ற ஒர்க்ஸ்டேஷன் கார்டு இருந்தால்தான் திறக்கும்.

அப்படியானால் பழைய குவாட்ரோவே மேல் என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் கையிலுள்ள வலுவான சான்று இரட்டைத் துல்லியம். கே6000 அதில் விநாடிக்குச் சுமார் 1.7 லட்சம் கோடி கணக்குகள் போடும். எட்டு ஆண்டு இளையதான 3060, தன் ஒற்றைத் துல்லிய வேகத்தில் 64-இல் ஒரு பங்கை மட்டுமே இங்கே தருவதால், 20 ஆயிரம் கோடியோடு நின்றுவிடுகிறது. உலோகத்தின் தாங்குதிறனையோ திரவ ஓட்டத்தையோ கணக்கிடுபவருக்கு இது சின்ன விஷயமில்லை. பல மணி நேரம் ஓடும் கணக்கில் ஒரு பிட் புரண்டாலும் முடிவு கெடலாம் என்பதால், பிழை திருத்தும் நினைவகமும் அவருக்கு வேண்டும். திரையில் படம் பார்ப்பவருக்கு அது தேவையில்லை. ஒரு புள்ளியின் நிறம் ஒரு கணம் மாறினால் யார் கவனிக்கப்போகிறார்கள்? பழைய கார்டின் ஊதுவிசிறி சூட்டைப் பெட்டிக்கு வெளியே தள்ளிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பல ஜீஃபோர்ஸ் கார்டுகள் சூட்டைப் பெட்டிக்குள்ளேயே சுழலவிடுகின்றன. ஏப்ரல், மே மாதப் புனேயில் அது தலைவலிதான்.

ஊதுவிசிறியைத் தவிர, இந்த நன்மைகள் அனைத்தும் மென்பொருளின் வழியாகவே நம் கைக்கு வருகின்றன என்பதைத்தான் அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கெப்ளர் கார்டுகளை ஏற்கும் கடைசி டிரைவர் வரிசை 470. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024-இல் நின்றுவிட்டன. கார்டில் கணக்குப் போட என்விடியா தரும் மென்பொருள் தளமான கூடாவின் 12-ஆம் பதிப்பு, 2022 டிசம்பரில் வந்தபோது கெப்ளரைக் கைவிட்டது. அதைக் கொண்டு உருவாக்கிய புதிய கணக்கீட்டு மென்பொருளில் கே6000-இன் இரட்டைத் துல்லியம் இருந்தும் பயனில்லை. பழைய நிரந்தர உரிமத்தோடு, இணையத்தில் இணைக்காமல் ஓடும் கணினியாக இருந்தால் கே6000-ஐத் தொடாதீர்கள். அந்த வேலைக்கு அதுவே போதும். ஆண்டுதோறும் பதிப்பு மாற்றும் இடத்தில் அதே கார்டு சுமை. ஜீஃபோர்ஸ்காரர்களின் பக்கத்துக்கும் காலம் உதவியிருக்கிறது. ஓபன்ஜிஎல் மென்பொருள்களில் முன்பு குவாட்ரோவுக்கே உரியதாக இருந்த 10 பிட் நிறம், 2019-இல் ஸ்டூடியோ டிரைவர் வழியே அவர்களுக்கும் கிடைத்தது. கேட் மென்பொருள்களும் வரையும் சுமையை மெல்ல மெல்லக் கார்டுக்கே மாற்றிவருவதால், டிரைவர் தரும் இடைவெளி முன்பு இருந்த அளவுக்கு இல்லை.

இதே கணக்கு அடுத்த தலைமுறைகளுக்கும் வந்துவிட்டது. மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளுக்கு 580 வரிசைதான் கடைசி. 2025-இல் வந்த கூடா 13 அவற்றை விட்டுவிட்டது. அந்தத் தலைமுறைகளின் குவாட்ரோ எம்4000, பி4000 கார்டுகள் சென்னை ரிச்சி தெருவிலோ புனே தப்கீர் கல்லியிலோ மலிவாகக் கிடைத்தால் இதை மனத்தில் வைத்துப் பேரம் பேசுங்கள். இன்று ஒருவர் கேட்டால் என் தீர்ப்பு இதுதான்: ரெண்டரிங் முதன்மை என்றால் புதிய ஜீஃபோர்ஸ், சான்று பெற்ற கேட் வேலை என்றால் ட்யூரிங் தலைமுறை குவாட்ரோ ஆர்டிஎக்ஸ் 4000, அல்லது அதற்குப் பிந்தைய கார்டு, பயன்படுத்தியதாக இருந்தாலும் சரி. பணம் கொடுக்கும் முன் உங்கள் மென்பொருளின் எந்தப் பதிப்புக்கு எந்த டிரைவர் சான்று பெற்றிருக்கிறது என்று அதன் தயாரிப்பாளர் வெளியிடும் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.