சுவேத நதி கடலில் சேரும் இடம்

தம்மம்பட்டியில் சிற்பப் பட்டறைக்கு வழி கேட்க வேண்டியதில்லை. உளியின் தலையில் கொட்டாப்புளி விழும் சத்தம் தெருவுக்கே வந்து கூப்பிடும். சேலம் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையில் இருக்கிறது இந்த ஊர். இங்கே செதுக்கப்படும் மரச்சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை.

நான் போன பட்டறையில் தசாவதாரப் பலகை ஒன்று பாதி முடிந்திருந்தது. வாகை மரம். பென்சிலால் வரைந்த கோட்டுக்கு வெளியே இருக்கும் மரத்தை முதலில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். உருவம் மேடாக நின்றுவிடும். அதன்பின் பெரிய உளி சின்ன உளிக்கு இடம் விடுகிறது. கூர்மாவதாரத்தின் ஓட்டுக்கு வந்திருந்தார் சிற்பி. ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பிலும் உளியைச் சாய்த்து, மெல்லிசாக ஒரு சீவல். பக்கத்துக் கட்டத்துக்குப் போகும்போது பலகையையே திருப்பி வைத்துக்கொண்டார். இழை ஓடும் திசைக்கு எதிராக உளி போனால் மரம் பிளந்து செதில் தெறித்துவிடும். பல நாள் உழைப்பு ஒரு தட்டில் போய்விடும். அதனால் மரத்தின் போக்கைக் கை முதலில் தெரிந்துகொள்கிறது, உளி பிறகுதான் இறங்குகிறது.

மச்சமும் கூர்மமும் நாள்தோறும் உருவாகும் இந்த ஊருக்கும் கடலுக்கும் தூரம் அதிகம். ஆனாலும் இரண்டையும் இணைக்கும் வழி ஊரை ஒட்டியே போகிறது. அதுதான் சுவேத நதி.

ஆண்டின் பெரும்பகுதி மணலும் புதருமாகக் கிடக்கும் ஆறு இது. ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பிடித்தால் மலைத் தண்ணீர் இறங்கி வரும். கெங்கவல்லி, வீரகனூர் என்று கிழக்கே ஓடி, ஆத்தூர்ப் பக்கமிருந்து வரும் வசிஷ்ட நதியோடு வெள்ளாறாகிறது. தொழுதூரில் ஒரு அணைக்கட்டு. அங்கிருந்து ஒரு பங்கு வெலிங்டன் ஏரிக்குப் போகிறது. அதற்குக் கீழே பெலாந்துறை, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுகள். இவ்வளவையும் தாண்டி வரும் தண்ணீர் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் நம்மிடையே ஒரு பேச்சு எழும்: இத்தனை தண்ணீர் கடலில் கலந்து வீணாகிறதே! வறட்சியைக் கண்ட ஊர்களின் வேதனை அதில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தண்ணீர் வீணாகிறதா என்பதை முகத்துவாரத்தில் வாழ்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் நடுவே இருப்பதுதான் பிச்சாவரம் அலையாத்திக்காடு. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றுலாப் படகில் போகிறவர்கள் சுரபுன்னையின் விழுதுவேர்களைப் படம் எடுத்துத் திரும்புகிறார்கள். அந்தப் படகுத் துறைக்கு அப்பால், கிள்ளை வட்டாரத்து இருளர் குடியிருப்புகளிலிருந்து பெண்களும் ஆண்களும் வாய்க்கால்களில் இறங்குகிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. கைதான் கருவி.

இடுப்பளவு தண்ணீரில் குந்தி உட்கார்ந்தால் தண்ணீர் கழுத்துக்கு வருகிறது. பனையோலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் சேற்றின் மேல் பரப்பித் தடவியபடி நகர்கிறார்கள். இறால் பின்பக்கமாகத் துள்ளும். தடவும் கை அந்தத் துள்ளலுக்கு முந்திக்கொண்டு மூட வேண்டும். கை மூடியதும் நேராகப் பறிக்குள். சேற்றில் நண்டும் இருக்கும், கெளுத்தியும் இருக்கும். கெளுத்தி முள் ஏறினால் கை வீங்கி வேலை நின்றுபோகும். எதைத் தொட்டோம் என்பதை விரல் நுனி அந்தக் கணமே சொல்லியாக வேண்டும். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலை கிடையாது. வாகைப் பலகையில் சிற்பியின் கைக்குத் தெரிவது போலத்தான் இதுவும்.

இந்தத் தொழில் ஆற்றை நம்பி நிற்கும் விதம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். பொரித்த குஞ்சுகள் அலையோடு முகத்துவாரத்துக்குள் வந்து, அலையாத்தி வேர்களுக்கிடையில் தின்று வளர்ந்து, மறுபடியும் கடலுக்குத் திரும்புகின்றன. நன்னீரும் உப்புநீரும் கலந்த தண்ணீரும், உதிர்ந்த இலை மக்கிய சேறும்தான் அவற்றின் தொட்டில். மேலிருந்து ஆற்றுநீர் வராவிட்டால் உப்பு ஏறுகிறது. உப்பு அளவுக்கு மீறினால் அலையாத்தி மரமே குன்றிப்போகும். ஆகவே கடலில் பெரிய படகு அள்ளும் இறாலுக்கும் கழிமுகத்தில் கை தடவி எடுக்கும் இறாலுக்கும் மலையில் பெய்த மழையில் பங்கு உண்டு.

அந்தப் பங்கு இப்போது குறைந்துகொண்டே வருகிறது. வெள்ளாற்றை அணைக்கட்டுகள் ஒவ்வொன்றாக மறித்துப் பாசனத்துக்குத் திருப்புகின்றன. பிச்சாவரத்தின் மறுபக்கத்துக் கொள்ளிடத்து நீர், வீராணம் ஏரி வழியே 2004 முதல் சென்னையின் குழாய்களுக்கும் போகிறது. உழவருக்கும் நகரத்துக்கும் தண்ணீர் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. பங்கு பிரிக்கும் இடத்தில் முகத்துவாரத்தின் பெயர் இருப்பதில்லை என்பதுதான் குறை.

வரும் கொஞ்சத் தண்ணீரும் சுத்தமாக வருவதில்லை. சேலம், நாமக்கல் பக்கத்தில் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். மலையிலும் சமவெளியிலும் விளையும் கிழங்கு சேகோ ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியும் மாவுமாகிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் அது. ஆனால் கிழங்கைக் கழுவி, அரைத்து, மாவைப் படியவைத்த பிறகு மிஞ்சும் தண்ணீரில் மாவுச்சத்து ஏராளம். அப்படியே ஆற்றில் விட்டால், அதை அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மீன் மூச்சு முட்டிச் சாகும். வசிஷ்ட நதி இந்தக் கழிவாலும் ஆத்தூர்ப் பக்கத்துச் சாக்கடையாலும் குப்பையாலும் பட்ட பாடு வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். இதற்குத் தீர்வும் இங்கேயே இருக்கிறது. அதே கழிவுநீரை மூடிய தொட்டியில் நொதிக்கவைத்து, வரும் எரிவாயுவால் இயந்திரம் ஓட்டும் ஆலைகள் இந்த வட்டாரத்தில் பல உண்டு. செய்ய முடியாது என்று ஒதுக்கித் தள்ள இடமில்லை.

கீழே பிச்சாவரமும் அடிபட்டிருக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து விறகுக்காகக் காட்டைக் கூப்பு கூப்பாக மொட்டையடித்தார்கள். மரம் போன இடத்தில் வெயில் பட்டுச் சேறு காய்ந்து தாழ்ந்தது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் ஆவியாகி உப்பை விட்டுச்சென்றது. அங்கே புதுக்கன்று எதுவும் பிழைக்கவில்லை. 1990களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இந்தப் பள்ளங்களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. ஓதத்தண்ணீர் வந்து வந்து போனது, உப்பு கழுவப்பட்டது, வெண்கண்டல் மீண்டும் வேர்பிடித்தது. வெட்டவும் நடவும் காக்கவும் உள்ளூர் மக்கள் உடன் நின்றார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அதே 1990களில் இறால் பண்ணைகளும் கரையோரமெங்கும் பெருகின. நெல்வயல் குளமானது, குடிநீர்க் கிணறு உப்புக் கரித்தது, பண்ணைக் கழிவு கழிமுகத்தில் இறங்கியது. சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருக்கும் இறால் குளங்களை அகற்றச் சொல்லி 1996 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் வந்த கடலோர நீர்ப்பண்ணை ஆணையச் சட்டம் அந்தத் தொழிலுக்கு மறுபடி வழிவிட்டது. இன்றும் வெள்ளாற்றுக் கரையில் இறால் குளங்களைப் பார்க்கலாம்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பல பத்தாண்டுகளாக இந்தக் கழிமுகத்தை ஆராய்ந்து வருகிறது. ஆற்றை அளக்கிற நீர்வளத்துறையும் ஆலைக் கழிவை அளக்கிற மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அந்த ஆராய்ச்சியோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும். அணைக்கட்டுகளில் தண்ணீர் திறக்கும் கணக்கில், நெல்லுக்கு இவ்வளவு, குடிநீருக்கு இவ்வளவு என்பதோடு முகத்துவாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு வரி சேர வேண்டும். பறியைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கும் இருளர் பெண்களுக்கு அந்த மேசையில் ஒரு நாற்காலி வேண்டும். எந்த மாதத்தில் தண்ணீர் கரிக்கிறது, எந்த வாய்க்காலில் இறால் குறைந்தது என்பதை நாள் தவறாமல் தொட்டுப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.