மழமழ சவரத்துக்குப் பிந்தைய நாட்கள்

புரட்டாசி, இரண்டாம் சனி

திருத்தணி, நகரி, புத்தூர் என்று சாலையோரமாகவே நடந்துவந்த கூட்டம் வடமாலபேட்டையைத் தொட்டதும் கோவிந்தா முழக்கம் ஓங்குகிறது. மலை இனி எட்டும் தூரம்தான். திருப்பதி மாவட்டத்து மண்டலம் இது. நடந்து வருகிறவர்களில் பலர் விரதம் தொடங்கியதிலிருந்து முகத்தில் கத்தி படவிடாதவர்கள். அந்தத் தாடியும் தலைமுடியும் திருமலைக் கல்யாணகட்டாவில் ஒரே அமர்வில் இறங்கிவிடும்.

அங்கே மொட்டைக்குக் கட்டணம் இல்லை; பிளேடையும் தேவஸ்தானமே தருகிறது. ஒருவர் தலையில் பட்ட பிளேடு அடுத்தவர் தலையில் படக்கூடாது என்பதற்கான காரணம் ஊரறிந்தது: எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. இந்த விழிப்பு சின்ன ஊர்ச் சலூன் வரை பரவியிருப்பது பெரிய காரியம். ஆனால் புது பிளேடால் தடுக்க முடியாத தொல்லை ஒன்று உண்டு. மழித்த முடி மேலே வராமல் தோலுக்குள்ளேயே வளர்வதுதான் அது. சவரம் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அதிகம் வரும்.

ஞாயிறு

மலையிறங்கியவர்கள் தலையில் சந்தனம் காய்ந்திருக்கிறது. கையால் தடவினால் எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் தோலுக்கு அடியில் வேலை தொடங்கிவிட்டது. முடி ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வளரும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். பிளேடு சாய்வாக அறுத்த முடியின் நுனி, சீவிவிட்ட மூங்கில் முனை மாதிரி கூராக நிற்கிறது.

அது உள்ளே போக இரண்டு வழிகள். சுருட்டை முடியாக இருந்தால் வெளியே வந்து, ஓரிரு மில்லிமீட்டர் வளர்ந்ததும் வளைந்து, பக்கத்துத் தோலைத் துளைத்து மறுபடி நுழையும். இன்னொன்று, தோலை இழுத்துப் பிடித்து மழிக்கும்போது நேர்வது. கையை விட்டதும் அறுபட்ட முடி தோல் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். பிறகு மேலே வர வழி பார்க்காமல், தான் முளைத்த குழியின் சுவரையே குத்தித் துளைக்கும். உடம்புக்கு அது தன் முடி என்று தெரியாது. முள் தைத்தால் எப்படிச் சிவந்து வீங்குமோ, அப்படியே செய்கிறது.

1971-இல் ஜில்லெட் நிறுவனம் இரட்டை பிளேடு ரேசரைக் கொண்டுவந்தது. முதல் பிளேடு முடியைச் சற்றே வெளியே இழுக்கும். அது உள்ளே திரும்புவதற்குள் இரண்டாவது பிளேடு இன்னும் கீழே அறுக்கும். மழமழப்புக்கு அது நல்ல உத்திதான். முடி உள்ளே வளரும் உடல்வாகு உள்ளவருக்கு அதுவே கேடு.

புதன்

கழுத்திலும் தாடைக்குக் கீழும் பிடரியிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். சிலவற்றின் நடுவே கறுப்பு வளையமாக முடி தெரிகிறது. "சூட்டுக் கொப்புளம், மோர் குடி" என்பார்கள் வீட்டில். மோர் நல்லதுதான், இதற்கு மருந்தல்ல.

செய்ய வேண்டியது எளிது. முதலில் சவரத்தை நிறுத்துவது. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஐந்து, பத்து நிமிடம் ஒற்றடம். ஒரு நாளில் சில முறை. தோலுக்கு வெளியே வளையம் தெரிந்தால், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசி முனையால் அந்த வளையத்தை மட்டும் மெல்ல நிமிர்த்திவிடலாம். தோண்டக் கூடாது. இடுக்கியால் பிடுங்கவும் கூடாது; பிடுங்கிய இடத்தில் புதிதாக முளைப்பது மறுபடி உள்ளேயே திரும்பக்கூடும். தாடியை ஏறக்குறைய ஒரு மாதம் வளரவிட்டால், பெரும்பாலான முடிகள் நீளத்தின் விசையாலேயே வெளியே வந்துவிடும். ஆனால் முதல் வாரத்தில் கொப்புளம் கூடுவதுபோல் தெரியும். பலர் அங்கேதான் பொறுமை இழந்து பிளேடைத் தேடுகிறார்கள்.

சீழ் வைத்து, வலி பரவி, காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமித் தொற்று. அப்போது கைவைத்தியம் போதாது, மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் அவ்வளவு தூரம் காத்திருக்கவே கூடாது. திருப்பதி ருயா அரசு மருத்துவமனை பஸ் ஏறினால் போய்ச்சேரும் தூரத்தில்தான் இருக்கிறது.

வெள்ளி

மருந்துக்கடையில் கொப்புளத்தைக் காட்டி, "ஏதாவது கிரீம் கொடுங்கண்ணா" என்று கேட்பது நம் ஊர்ப் பழக்கம். கையில் வருவது பல நேரம் வீரியமான ஸ்டீராய்டு கலந்த களிம்பு. இரண்டு நாளில் சிவப்பு அடங்குவதால் அதன்மேல் நம்பிக்கை பிறக்கிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், பருக்கள் கிளம்பும், படர்தாமரை இருந்தால் உருமாறிப் பரவும். தோல் மருத்துவர்கள் நெடுநாள் போராடியதன் பலனாக, இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்தது. அந்த விதி இன்னும் எல்லாக் கவுன்ட்டருக்கும் வந்து சேரவில்லை என்பதுதான் வேதனை.

மருத்துவர்கள் எழுதித்தருவது வேறு வகை: குழியை அடைக்கும் செத்த தோலை உரிக்கும் சாலிசிலிக் அல்லது கிளைகோலிக் அமிலம், இரவில் பூசும் அடாபலீன், தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக். ஸ்டீராய்டையும் எழுதுவது உண்டு, மென்மையானதாக, சில நாட்களுக்கு மட்டும்.

அடுத்த சனி

சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவர் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை ரிவர்ஸ்ல இழுங்கண்ணா" என்கிறார். கடைக்காரர் தோலை இழுத்துப் பிடித்து எதிர்த்திசையில் ஓட்டுகிறார். நாளை கொப்புளம் வந்தால் பழி கடைக்காரர் மேல் விழும். கேட்டது வாடிக்கையாளர்தானே? மாற வேண்டியது இந்த இடம்தான். ஆள் புதுசாகத் தெரியும்படி மழித்துவிட வேண்டும் என்ற ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் பாதித் தொல்லை இல்லை.

டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுவதே சிறந்த தடுப்பு. பிளேடுதான் வேண்டுமென்றால் வெந்நீரில் முகத்தை ஊறவைத்து, நுரை போட்டு, ஒற்றை பிளேடால், முடி சாய்ந்திருக்கும் திசையில், ஒரே தடவை. கழுத்தில் முடி திசை மாறி மாறிப் போகும். விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். படிகாரம் சின்ன வெட்டில் ரத்தத்தை நிறுத்தும், உள்ளே போன முடியைத் திருப்பிக் கொண்டுவராது.

சிலருக்கு எவ்வளவு பக்குவமாக மழித்தாலும் வரும். முடிக்குழியை ஒட்டிய கெரட்டின் புரதம் ஒன்றின் மரபணுவில் உள்ள சிறு மாற்றம் இந்த வாய்ப்பை ஆறு மடங்கு கூட்டுவதாக 2004-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவர்களுக்குத் தாடியே நல்லது. அல்லது கறுத்த தோலுக்கு ஏற்ற என்.டி.யாக் லேசர் சிகிச்சை. பிடரியில் கொப்புளங்கள் கெட்டியாகித் தழும்புக் கட்டிகளாகத் திரண்டால் மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு நாள் கடத்தக் கூடாது. அந்தத் தழும்பு முற்றிய பிறகு முடி அங்கே முளைப்பதில்லை.

ஐப்பசி பிறந்தபின்

புரட்டாசிக் கூட்டம் வடிந்துவிட்டது. கடைக்காரர் கையைப் பார்த்தால் இதே கதையின் இன்னொரு பக்கம் தெரியும். வெட்டிய முடித் துணுக்குகள் விரலிடுக்கு மென்தோலில் குத்தி உள்ளே போய்ச் சேர்ந்து, சிறு துளையாகிச் சீழ் வைக்கும். தன் முடியல்ல, வாடிக்கையாளர்களின் முடி. லண்டனில் பேட்டி, ஸ்கார்ஃப் என்ற இரு மருத்துவர்கள் ஒரு முடிதிருத்துநரின் கையில் இதைக் கண்டு 1948-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இதேபோல வால் எலும்புக்கு மேல் வரும் முடிப்புண் பிறவிக் கோளாறு என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். வெளியிலிருந்து முடி உள்ளே போயும் அது வரலாம் என்ற வாதத்துக்கு அந்தக் கை சான்றானது.

நின்றபடி நாள் முழுக்க உழைக்கும் அந்தக் கைகளுக்கு யாரும் பரிசோதனை முகாம் வைப்பதில்லை, வைக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு வாடிக்கையாளர் எழுந்ததும் விரலிடுக்கைச் சோப்புப் போட்டுக் கழுவி உலரத் துடைப்பதும், ஒட்டியிருக்கும் துணுக்குகளை அன்றன்றே எடுத்துவிடுவதும், முடிந்தால் கையுறை போடுவதும் அவர்களைக் காக்கும். துளை விழுந்து நீர் கசியத் தொடங்கிவிட்டால் சின்ன அறுவை தேவைப்படும். அதற்குக் கடையைச் சில நாள் மூட வேண்டியிருக்கும் என்பதால்தான் பலர் காட்டாமலே இருந்துவிடுகிறார்கள்.