கூரை முதலில், பெயிண்ட் அப்புறம்

புது வீடு கட்டிக் குடிபோனால் ஊரே வந்து மொய் எழுதும். பழைய வீட்டின் ஒழுகலை அடைத்தால் ஒரு வாய் காபிக்குக்கூட யாரும் வருவதில்லை. கட்டுவது பெருமை, பழுது பார்ப்பது தண்டச் செலவு என்று நம் மனசில் பதிந்து கிடக்கிறது. ஆனால் பாருங்கள், குழந்தையும் குட்டியுமாக ஒரு குடும்பம் நிம்மதியாகத் தூங்குவதற்குப் பல சமயம் புது வீடு தேவையில்லை. இருக்கிற வீட்டின் தளம் ஒழுகாமல் இருந்தால் போதும்.

தொகுப்பு வீடு என்றால் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். 1985-86-ல் மத்திய அரசு தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தில் கட்டிய வீடுகளைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்வார்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக நிற்கும். ஓர் அறை, ஒரு சமையல் இடம், மேலே கான்கிரீட் தளம், அவ்வளவுதான். வருஷா வருஷம் கீற்று மாற்றியும், கோடையில் நெருப்புக்குப் பயந்தும் காலம் தள்ளிய கூலிக் குடும்பங்களுக்கு அந்தத் தளமே மாளிகை. என் அம்மாவுக்கு அப்படி ஒரு வீடு 1993-ல் கிடைத்தது. அந்தத் திட்டத்தில் வீட்டைப் பெண் பேரிலோ, கணவன் மனைவி இருவர் பேரிலும் சேர்த்தோ கொடுக்க வேண்டும் என்பது விதி. எங்கள் வீடு அம்மா பேரில் வந்தது. "என் பேர்ல ரேஷன் கார்டுகூட இல்லாத காலத்துல ஒரு வீடு வந்துச்சுடி" என்று இப்போதும் சொல்லிச் சொல்லிப் பூரிப்பாள்.

சிமெண்டுத் தளத்துக்கும் ஆயுசு உண்டு. அதைக் கவனித்துக் கொண்டால் நீளும், கவனிக்காவிட்டால் குறையும். மாடியில் தண்ணீர் தேங்கினால் மயிரிழை போன்ற வெடிப்பு வழியாக உள்ளே இறங்கி, கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் சும்மா இருக்காது. பருத்துக்கொண்டு, தன்னை மூடியிருக்கும் காரையை வெளியே தள்ளும். முதலில் பழுப்புக் கறை தெரியும், அப்புறம் வயிறு உப்பினாற்போல் பூச்சு புடைக்கும், ஒரு நாள் பொத்தென்று விழும்.

2023 ஐப்பசி அடைமழையில் அம்மா வீட்டில் அப்படித்தான் விழுந்தது. தம்பி மனைவி பிரசவமாகி மூன்று மாதம். பிள்ளையைத் தூளியிலிருந்து எடுத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தட்டு அகலத்துக்கு ஒரு சில்லு, காலித் தூளியின் மேல் விழுந்து துணியைக் கிழித்துக்கொண்டு போனது. அன்று முதல் மழை பெய்கிற ராத்திரி எல்லாம் அவர்கள் பக்கத்துத் திண்ணையில்தான் படுத்தார்கள்.

மறு வருஷம், 2024-ல், தமிழ்நாடு அரசு ஓர் அறிவிப்பு செய்தது. கிராமங்களில் 2001-க்கு முன்னால் அரசுத் திட்டங்களில் கட்டிய வீடுகளில் 2.5 லட்சம் வீடுகளைப் பழுது பார்ப்பது, அதற்கு 2,000 கோடி ரூபாய் என்று. வகுத்துப் பார்த்தால் வீட்டுக்குச் சராசரி 80,000 ரூபாய். பழுது பார்க்கவே முடியாத நிலையில் உள்ளவற்றுக்காக 2025-26 பட்ஜெட்டில் வேறு ஒரு திட்டம் வந்தது. இடித்து 25,000 வீடுகளைப் புதிதாகக் கட்ட 600 கோடி ரூபாய். எது பழுது பார்க்கத் தக்கது, எது இடிக்க வேண்டியது என்று வந்து பார்த்துச் சொல்கிறவர் ஒன்றியத்து இன்ஜினீயர்தான்.

அம்மா மனு எழுதிக்கொண்டு கிராம சபைக்குப் போனாள். ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருவதைவிட, சபையில் நாலு பேர் முன்னால் எழுந்து சொல்லிக் கொடுத்தால் பேச்சுக்கு ஒரு கனம் வருகிறது. ஓவர்சியர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், தளத்தை அளந்தார், போட்டோ எடுத்தார். "சுவர் கல்லு மாதிரி இருக்கும்மா. தளத்தை மட்டும் காப்பாத்திட்டா இன்னும் பல வருஷம் ஓடும்" என்றார். நடுவில் ஒருவர், "நான் முடிச்சுத் தர்றேன், ஐயாயிரம் கொடு" என்று வந்தார். "கவர்மெண்டு குடுக்கிற காசுக்கு உனக்கு எதுக்குய்யா கூலி?" என்று அம்மா கேட்டதும் ஆளைக் காணோம்!

பணம் வரப்போகிறது என்றதும் வீட்டுக்குள்ளே சண்டை வந்தது. தம்பிக்கு முன்பக்கம் ஒரு போர்ட்டிகோ இறக்கி, தரைக்கு டைல்ஸ் போட்டு, பளிச்சென்று பெயிண்ட் அடிக்க ஆசை. "நாலு பேர் வந்து போற வீடு. மேல என்ன செஞ்சோம்னு யாருக்கும்மா தெரியப் போகுது?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. காலனி வீடு என்று இளப்பமாகப் பேசக் கேட்டு வளர்ந்த பிள்ளை. ஆனால் அம்மா அசையவில்லை. "தெரிய வேண்டியவ தூளியில கிடக்கா. வீடு என் பேர்ல இருக்கு, பணமும் என் கணக்குலதான் விழும். முதல்ல தளம்" என்று ஒரே போடாகப் போட்டாள். இரண்டு நாள் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே கொத்தனாரை அழைத்து வந்தான்.

வேலை நடந்தபோது பத்து நாள் நானும் கூட இருந்தேன். பழுது பார்ப்பது என்றால் வெடிப்பில் சிமெண்டைக் குழைத்துப் பூசுவதல்ல. தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வருகிற பூச்சு அத்தனையையும் கொத்தி எடுத்தார்கள். கம்பியை இரும்புப் பிரஷ் போட்டுத் தேய்த்துத் துருவை உதிர்த்து, துருத் தடுப்பு மருந்து அடித்தார்கள். பிறகுதான் புதுக் கலவை. மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு, தட்டோடு பதித்து, தண்ணீர் ஒரு பக்கமாக ஓட வாட்டம் வைத்தார்கள். பூசிய இடத்தில் சாக்கைப் போட்டு ஏழு நாள் நனைத்துக் கொண்டே இருந்தோம். இந்த நனைக்கிற வேலையில் சோம்பினால் போட்ட பணம் வீண்.

அடுத்தது கரண்ட் ஒயர். ஈரச் சுவரில் பழைய ஒயர் இருப்பது பாம்பை வளர்ப்பதற்குச் சமம். அதை மாற்றினோம். மிச்சத்தில் சமையல் இடத்துத் தரையைச் சரி செய்து, சுண்ணாம்பு அடித்தோம். டைல்ஸுக்குக் காசு இல்லை. அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

அந்த மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சை படரவில்லை. ஈரச் சுவரும் பூஞ்சை வாடையும் உள்ள வீட்டில் குழந்தைகளுக்குச் சளியும் இளைப்பும் அதிகமாகும் என்று டாக்டர்கள் சொல்வது நமக்குத் தெரிந்ததுதானே. முந்தின வருஷம் மாசத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளை, அந்த மழையில் ஒரு தடவைதான் போனது.

இப்படிப்பட்ட வீட்டில் இருக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தை. வீடு ஒதுக்கிய உத்தரவு, பட்டா, வீட்டு வரி ரசீது, ஆதார், பாங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, தண்ணீர் படாத இடத்தில் வையுங்கள். பட்டா மாமியார் பேரில் இருந்து அவர் காலமாகிவிட்டால் பேர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். வெள்ளைத் தாளில் எழுதி ஒருவரிடம் விலைக்கு வாங்கிய தொகுப்பு வீடாக இருந்தால், உதவி கேட்கும்போது "பட்டா யார் பேரில்?" என்கிற கேள்விதான் முதலில் வரும். இன்னும் வாங்காதவர்கள் அதை முதலிலேயே விசாரித்துக் கொள்வது நல்லது.

எந்த வருஷம் எந்தத் திட்டம் நடக்கிறது, எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதை ஊராட்சிச் செயலரிடமோ, வட்டார வளர்ச்சி அலுவலகத்திலோ நேரில் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் உண்டு. மனுவில் ஒரு நகலை எடுத்து வைத்துக் கொண்டு, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

உதவி வருகிறவரை செய்யக் கூடியதும் உண்டு. மாடியில் முளைக்கும் அரசங்கன்றைச் சின்னதிலேயே வேரோடு பிடுங்குங்கள். மழைக்கு முன்னால் தண்ணீர்க் குழாயில் அடைத்த சருகை எடுத்து விடுங்கள். விறகையும் வறட்டியையும் தளத்தின் மேல் குவிக்காதீர்கள். அடியில் ஈரம் நிற்கும். புடைத்த பூச்சுக்கு நேர் கீழே தூளி கட்டாதீர்கள், பாயும் போடாதீர்கள்.

பணம் கையில் வரும்போது ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வீட்டுக்குள் பகலெல்லாம் இருப்பவள் நாம். எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவரில் கை வைத்தால் சுரீர் என்கிறது என்று நமக்குத்தான் தெரியும். அதனால் வரிசையை நாமே சொல்ல வேண்டும்: கூரை, ஒயர், தரை. பெயிண்டு தீபாவளிக்குப் பார்த்துக் கொள்ளலாம்.