கொஸ்லந்தச் சரிவில் முப்பது இறாத்தல் காற்று

வண்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எத்தனை குதிரைவலு, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்கிறார்கள். ஆனால் வண்டியையும் அதனுள் இருக்கும் உயிர்களையும் சாலையோடு பிணைத்து வைத்திருப்பது டயரின் உள்ளங்கையளவு பரப்பு ஒன்றுதான். அந்த உள்ளங்கையை விறைப்பாக வைத்திருப்பது காற்று. உலகத்தில் விலையில்லாத பண்டம் அது. ஆயினும் அதை அளந்து அடைப்பதற்கு எங்கள் மலைகளில் ஏழைகள் கொடுக்கும் விலை சிறிதன்று.

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலை பெரகலையில் மலையின் விளிம்பைத் தாண்டி, கொஸ்லந்தை வழியாக வெல்லவாயச் சமவெளியை நோக்கி இறங்குகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைக் காண வருவோர் இச்சாலையின் அழகைப் புகழ்கிறார்கள். அதே சாலையில் மழைக்காலத்து நள்ளிரவில், பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் இளைஞனுக்கு அழகைப் பார்க்க நேரமில்லை. அவன் வண்டியின் பின்டயர் வழுக்கையாக இருக்கிறதா, அதில் போதிய காற்று இருக்கிறதா என்பதே அப்போது பெரிய கேள்வி. எல்ல – வெல்லவாயச் சாலையில் 2025 செப்டம்பர் 4ஆம் திகதி ஒரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் மாண்டார்கள். அதற்கு டயரே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஊவாவின் சரிவுகள் கவனக்குறைவை மன்னிப்பதில்லை என்பதற்காகவே நினைவூட்டுகிறேன்.

ஒரு காலத்தில் இம்மலைகளில் கார் என்றால் அது துரையின் கார். அது போவதற்கான பாதையை வெட்டிய மனிதர்கள் கால்நடையாகவே நடந்தார்கள். இன்று லயத்து முற்றத்தில் முச்சக்கர வண்டி நிற்கிறது. அபூர்வமாகப் பழைய சிறிய கார் ஒன்றும் நிற்கிறது. தவணைக்கடனில் வந்த வண்டிகள் அவை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாயை எட்டியது 2021இல்தான். அடுத்த ஆண்டே பொருளாதாரம் சரிந்தது. டொலருக்கு இருநூறு ரூபாயளவில் இருந்த நாணயம் சில மாதங்களில் முந்நூற்றறுபதை எட்டியது. டயர், டியூப், உதிரிப்பாகம் அனைத்தும் விலையேறின. மாற்ற வேண்டிய டயரை இன்னும் ஒரு மாதம் ஓட்டுவோம் என்று வீட்டுக்கு வீடு முடிவெடுத்தார்கள். அதை அறியாமை என்று ஏசுவது எளிது. கையில் பணமில்லாதவன் வேறு எதைத்தான் முடிவெடுப்பான்?

டயரை மாற்ற இயலாதவன் இருக்கும் டயரைக் காப்பாற்றலாம். இதற்கு வேண்டியவை மூன்றே பொருள்கள்: கால் பம்ப் ஒன்று, பேனா அளவிலான அமுக்கமானி ஒன்று, கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர். சைக்கிள் பம்ப் இருந்தாலும் போதும். ஆனால் சாதாரணச் சைக்கிளின் வால்வும் காரின் வால்வும் ஒன்றல்ல. காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வால்வு ஒரே வகை. ஆகவே மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்தும் தலை பம்பில் இருக்க வேண்டும்.

விடியற்காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் அளக்க வேண்டும். ஓடிய டயர் சூடேறிக் கூடுதலான அளவைக் காட்டும். சரிவில் நிறுத்திய வண்டியானால் முதலில் சில்லுக்குக் கல் கொடுக்க வேண்டும். எத்தனை இறாத்தல் வேண்டும் என்பது காரோட்டியின் கதவை ஒட்டிய தூணில் ஒட்டப்பட்டிருக்கும். டயரின் பக்கச்சுவரில் பொறித்திருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதுவரை அடிப்பது தவறு. சிறிய காரின் டயரில் ஐந்து இறாத்தல் ஏற்ற ஏறக்குறைய முப்பது நாற்பது மிதிகள் போதும். பிறகு வால்வின் வாயில் சவர்க்காரத் தண்ணீரைத் தடவினால், கசிவு இருந்தால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். நல்ல டயரும் மாதத்துக்கு ஓரிரு இறாத்தலை இழக்கவே செய்யும். ஆகவே மாதம் இருமுறை அளப்பது நன்று.

கையால் தடவியும் அறியலாம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. தடத்தின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். தடம் அம்மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் எஞ்சியிருப்பது 1.6 மில்லிமீற்றர், அதன்பின் மழையில் அந்த டயரை நம்பக்கூடாது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்ந்து சூடேறுகிறது. எரிபொருளைத் தின்கிறது. கடைசியில் பாரமேற்றிய பயணமொன்றில் வெடிக்கிறது.

நான் இப்பகுதிப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிப்பவன். அமுக்கம் என்ற பாடத்தை மாணவர்கள் மனனம் செய்து ஒப்பிக்கிறார்கள். ஆனால் பாடப்புத்தகம் சொல்வது முழுவதும் இந்தச் சாலையிலேயே நிகழ்கிறது. வெல்லவாயில் காற்றடித்து ஹப்புத்தளைக்கு ஏறுங்கள். ஆயிரம் மீற்றர் ஏறும்போது வெளிக்காற்றின் அமுக்கம் குறைவதால், மானி ஒன்றரை இறாத்தல் கூடுதலாகக் காட்ட வேண்டும். குளிரோ பத்துப் பாகைக்கு ஏறக்குறைய அதே அளவைக் குறைத்துவிடுகிறது. மலை கொடுத்ததைக் குளிர் எடுத்துக்கொள்கிறது! இதைக் கரும்பலகையில் எழுதியபோது கடைசி வாங்கில் உறங்கும் பையன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் தந்தை முச்சக்கர வண்டி ஓட்டுபவர். மறுநாள் அவன் என் மானியை இரவல் கேட்டு வந்தான். ஓரிடத்தில் முப்பது என்று காசு வாங்கி அடிக்கப்பட்ட டயரில் இருபத்துநான்குதான் இருந்தது என்று சொல்லி அதைத் திருப்பித் தந்தான்.

இந்த ரப்பரின் கதையும் உழைப்பாளியின் கதைதான். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து எடுத்துச்சென்ற விதைகள், லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்தன. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்து மிருகவைத்தியர் டன்லப் தம் மகனின் மூன்று சில்லுச் சைக்கிளுக்காகச் செய்த காற்று டயருக்கு உரிமம் பெற்றார். அதன்பின் உலகம் ரப்பருக்காக வெறிகொண்டது. கொங்கோவில் மனிதர்களின் கைகள் வெட்டப்பட்டன. இலங்கை மலைச்சரிவுகளில் தென்னிந்தியக் கூலிகள் பால் வடித்தார்கள். 1952இல் சீனாவுடன் செய்த உடன்படிக்கை அந்தப் பாலை நாட்டுக்கு அரிசியாக்கியது. 1960களில் சோவியத் உதவியோடு களனியில் டயர்த் தொழிற்சாலை எழுந்தது. பால் வடித்தவனின் பேரனோ இன்று வழுக்கை டயரில் மலையிறங்குகிறான்.

நண்பர் ஒருவர் கேட்டார்: "பம்பும் மானியும் கொடுத்துவிட்டால் மலையகத்தின் துயர் தீர்ந்துவிடுமா?" தீராது. அளந்தவுடன் ஆபத்து அகல்வதுமில்லை. கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த மலை சரியக்கூடும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆயினும் 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அளவு தெரிந்திருந்தது, பாதுகாப்பான நிலமும் வீடும் அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை. ஆகவே காற்றடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, சீரான பாதையையும் அருகில் ஒரு நல்ல வைத்தியசாலையையும் நியாயமான சம்பளத்தையும் கேட்பதை நிறுத்திவிடச் சொல்பவன் நான் அல்லன்.

எனினும் கோரிக்கை நிறைவேறும்வரை வண்டி ஓடித்தானே ஆக வேண்டும்? தோட்டத்து முச்சக்கர வண்டித் தரிப்பிடம் ஒவ்வொன்றிலும் பொதுவில் ஒரு கால் பம்பும் ஒரு மானியும் இருக்கட்டும். பத்துக் குடும்பங்கள் பங்கிட்டால் செலவு பெரிதாகாது. மானியை வாசிக்கப் பாடசாலைப் பிள்ளைகள் கற்றுத்தரட்டும். வண்டி எண்ணையும் இறாத்தலையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். எத்தனை டயர்கள் தேய்ந்தும் மாற்றப்படாமல் ஓடுகின்றன என்பதற்கு அந்தக் கொப்பியே சாட்சியாகும். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கத் தோழர்கள் அதையும் கையோடு கொண்டு போகட்டும்.