நான்காம் நாள்

விருந்தாளியை மூன்று நாட்கள் உபசரிக்க வேண்டும், அதற்கு மேல் செய்வது தர்மம் என்று நபிகளார் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். வீட்டுக்காரருக்குச் சிரமமாகும் அளவுக்கு விருந்தாளி தங்கிவிடக் கூடாது என்பதும் அதனோடு சேர்ந்த போதனை. மத்ரஸாவில் சிறு வயதில் படித்த இந்த ஹதீஸின் கருத்து, காயல்பட்டினம் போயிருந்தபோதுதான் எனக்கு நன்றாக விளங்கியது.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த நாட்கள் அவை. வாப்பாவோடு கட்டாரில் ஒரே அறையில் எட்டு வருடங்கள் இருந்த நண்பரின் ஊர் காயல்பட்டினம். எங்கள் கற்பிட்டியைப் போலவே அதுவும் மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள ஊர். வாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் எங்களைக் கொண்டுபோய் விட்ட மாமா, வியாபார விடயமாகச் சென்னைக்குப் போய்விட்டார். உம்மாவும் நானும் பத்து நாட்கள் தங்கினோம்.

முதல் மூன்று நாட்களும் அந்த வீட்டார் எங்களைத் தரையில் நடக்க விடவில்லை என்றே சொல்லலாம். வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பதால், மாமியின் மகன் எங்கள் கடவுச்சீட்டுகளை வாங்கி 'சி' படிவத்தை நிரப்பினார். எங்கள் சார்ஜரின் தட்டை முனைகள் அங்குள்ள வட்டத் துளைகளில் நுழையவில்லை. கேட்குமுன்பே அதற்கொரு அடப்டர் வந்தது. உம்மாவை ஒரு கோப்பை கழுவக்கூட மாமி விடவில்லை.

எங்கள் வீட்டில் கரண்ட் பில் கட்டுவது, கேஸ் எடுப்பது, பாடசாலைக் கூட்டத்துக்குப் போவது எல்லாம் உம்மாதான். அப்படிப்பட்டவர் மூன்றாம் நாள் இரவு, "நோயாளி மாதிரி ஆகிட்டன் மகள்" என்று மெதுவாகச் சொன்னார். அவருடைய முகம் வாடியிருந்தது.

நான்காம் நாள் உம்மாவின் பிரஷர் குளிசை முடிந்தது. "நீங்க உட்காருங்க, பையன் வாங்கிட்டு வருவான்" என்றார் மாமி. "இல்ல ராத்தா, வழிய மட்டும் சொல்லித் தாங்க. நாங்களே போய்ட்டு வாறம்" என்றார் உம்மா. மாமி கொஞ்ச நேரம் உம்மாவைப் பார்த்தார். பிறகு, எந்த முடுக்கால் போய் எங்கே திரும்ப வேண்டும் என்று விரல் நீட்டிச் சொல்லித் தந்தார். பெண்கள் நடமாடுவதற்கென்று வீடுகளுக்கிடையே செல்லும் ஒடுங்கிய பாதைகளைத்தான் அங்கே முடுக்கு என்கிறார்கள்.

நாங்கள் 'பாமசி' தேடினோம்; அங்கே அது 'மெடிக்கல்'. நாங்கள் 'குளிசை' என்றோம். அவர்கள் 'மாத்திரை' என்றார்கள். உம்மா தன் கிளினிக் கொப்பியை விரித்துக் காட்டினார். கடைக்காரர் தந்த அட்டையில் பெரிய எழுத்தில் ஏதோ ஒரு கம்பனிப் பெயர் இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், கொப்பியில் இருந்த அதே 'லொசார்டன் 50'. உம்மா என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார். கடைக்காரர் ஃபோனால் பணம் செலுத்தும் கியூஆர் அட்டையைக் காட்டினார். அதற்கு வேண்டிய இந்திய வங்கிக் கணக்கு எங்களிடம் இல்லை. உம்மா 500 ரூபா தாளை நீட்ட, அவர் பக்கத்துக் கடையில் சில்லறை மாற்றி வந்து தந்தார். மிச்சக் காசை எண்ணி, விலையை மனதுக்குள் மூன்றரையால் பெருக்கிப் பார்த்துக்கொண்டே உம்மா நடந்தார். அந்த நடையில் எங்கள் ஊர் உம்மாவைத் திரும்பக் கண்டேன்.

அன்று பின்னேரம் மாமி ஒன்றும் பேசாமல் மீன் சட்டியையும் கத்தியையும் உம்மாவின் முன்னால் வைத்தார். அன்றிலிருந்து இருவரும் குசினியில் சிரித்துக் கதைத்தார்கள். மறுநாள் டவுன் பஸ்ஸில் திருச்செந்தூருக்குப் போனோம். உம்மா காசை நீட்ட, கண்டக்டர் வாங்காமல் டிக்கெட்டை மட்டும் தந்தார். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையாம்.

1344இல் இப்னு பதூதா எங்கள் புத்தளக் கரையில் வந்திறங்கினார். பாவா ஆதம் மலைக்குப் போக விரும்பிய அவருக்கு, ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கையும், உணவுப் பொருட்களைச் சுமக்க ஆட்களையும், ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போய்வரும் நான்கு யோகிகளையும் கொடுத்து அனுப்பினாராம். அதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த யோகிகள்தான். வழி தெரிந்தவர்கள் கூட வந்ததால் பயணி தன் காரியத்தைத் தானே முடித்தார்.

கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்கவும் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கவும் எத்தனையோ நாட்டவர்கள் வருகிறார்கள். எங்கள் தெருவில் யாராவது மருந்துக் கடையைத் தேடினால், முன்பெல்லாம் தம்பியை ஓடிப்போய் வாங்கி வரச் சொல்வோம். இப்போது சந்தி வரை கூட்டிப்போய்க் கடையைக் காட்டிவிட்டு, "குளிசை என்று கேளுங்கள்" என்று அந்தச் சொல்லையும் சொல்லிக் கொடுக்கிறோம்.